மலேசியாவில் கிறிஸ்தவராக வாழ்வதில் சட்டச் சிக்கல் எங்கே வருகிறது?

கேள்வி இதுதான்: "மலேசியாவில் தேவாலயங்கள் நிரம்பி வழிகின்றன. கிறிஸ்துமஸுக்கு நாடு முழுக்கப் பொது விடுமுறை. பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கிறார்கள். பிறகு ஏன் அங்கே கிறிஸ்தவர்களுக்கு மதச் சுதந்திரம் குறைவு என்கிறார்கள்? அப்படி என்னதான் தடை?"

கேட்டவர் சொன்ன அத்தனையும் உண்மை. பிறப்பிலேயே கிறிஸ்தவர், கிறிஸ்தவரையே மணந்தவர், தமிழிலோ ஆங்கிலத்திலோ சீனத்திலோ ஆராதிப்பவர், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ குடியிருப்பவர் என்றால், அவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு சிக்கலும் வராமலே போகலாம். இஸ்லாத்தோடு எல்லை உரசும் சில இடங்களில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. மலாய் மொழியில் வேதம் வாசிக்கும்போது, பெற்றோரில் ஒருவர் மதம் மாறும்போது, பதிவேட்டில் "இஸ்லாம்" என்று ஏறிவிட்டபோது, இஸ்லாத்தை விட்டு ஒருவர் வெளியே வர நினைக்கும்போது என்று இவற்றை எண்ணிவிடலாம். அந்த இடங்களில் எல்லாம் ஒரே கேள்விதான் ஆளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது: இந்த வழக்கை எந்த நீதிமன்றம் கேட்கும்?

முதலில் யார், எங்கே என்று பார்த்துவிடலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் 63.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அந்தக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் தீபகற்பத்தில் இல்லை. கடலுக்கு அப்பால் சபா, சரவாக் மாநிலங்களில் இருக்கிறார்கள். சரவாக்கில் மக்கள்தொகையில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். சரவாக்கின் ஈபான், பிடாயு, சபாவின் கடசான்டூசுன் போன்ற மண்ணின் மைந்தர்கள் இந்தக் கிறிஸ்தவர்கள். தீபகற்பத்தில் உள்ள கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் சீனர்களும் தமிழர்களும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது. ஒரே சட்டம் தீபகற்பத்து நகரமான கிள்ளானில் ஒரு தமிழ்ச் சபையைத் தொடாமலே போகும். சரவாக் தலைநகர் கூச்சிங்கிலிருந்து வேலை தேடி கிள்ளானுக்கு வந்த ஈபான் குடும்பத்தின் நெஞ்சில் கை வைக்கும்.

அரசமைப்புச் சட்டத்தைப் புரட்டினால் நான்கு விதிகள் முக்கியம். 3ஆவது விதி இஸ்லாம் கூட்டரசின் மதம் என்கிறது. மற்ற மதங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் எங்கும் கடைப்பிடிக்கலாம் என்றும் அதே வரியில் சொல்கிறது. 11ஆவது விதி ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் அதன் நான்காவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதக் கொள்கைகளைப் பரப்புவதை மாநிலச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. 160ஆவது விதி "மலாய்க்காரர்" யார் என்று வரையறுக்கும்போது, இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்பதையும் அந்த வரையறைக்குள்ளேயே வைத்துவிட்டது. நான்காவதுதான் கழுத்தைப் பிடிப்பது: 1988இல் சேர்க்கப்பட்ட 121(1ஏ). இஸ்லாமியச் சட்டப்படி நடக்கும் ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட எந்த விஷயத்திலும் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது அது.

படிக்கும்போது சாதாரணமான அதிகாரப் பங்கீடு போலத்தான் தோன்றும். நடைமுறையில் அது என்ன செய்தது என்றால், முஸ்லிம் ஒருவரும் முஸ்லிம் அல்லாத ஒருவரும் மோதும் வழக்குகளில் முஸ்லிம் அல்லாதவரை நடுத்தெருவில் நிறுத்தியது. ஷரியா நீதிமன்றத்தில் அவர் வழக்குத் தொடுக்க முடியாது, ஏனென்றால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் முஸ்லிம்கள் மீது மட்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போனால் "இது ஷரியா விஷயம், எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று கையை விரித்துவிடும். 2005 டிசம்பரில் மூர்த்தி வழக்கில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. மூர்த்தி மலேசியாவின் 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த ராணுவ வீரர், தமிழர். அவர் இறந்ததும், அவர் ரகசியமாக இஸ்லாத்தில் சேர்ந்திருந்தார் என்று சமய அதிகாரிகள் சொன்னார்கள். மனைவி மறுத்தார். ஷரியா நீதிமன்றம் அவர் முஸ்லிம் என்று அறிவித்தது. அங்கே மனைவியால் வாதாட முடியவில்லை. உயர் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. அது இந்துக் குடும்பம்தான். ஆனாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்த வழக்கைத் தங்கள் வழக்காகவே பார்த்தன. அந்தக் குடும்பத்தின் இடத்தில் எந்தக் குடும்பமும் நின்றிருக்கலாம்.

இஸ்லாத்தை விட்டு வெளியேறுவதுதான் இருப்பதிலேயே கடினமான வாசல். இதில் எல்லோரும் அறிந்த வழக்கு லீனா ஜாய் என்பவருடையது. மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து 1998இல் ஞானஸ்நானம் பெற்றவர். தேசியப் பதிவு இலாகா பெயரை மாற்ற ஒப்புக்கொண்டது. ஆனால் 1999இல் கையில் கிடைத்த புது அடையாள அட்டையில் புதிய பெயருக்குக் கூடவே "இஸ்லாம்" என்ற சொல்லும் அச்சாகியிருந்தது. முஸ்லிம்களின் அட்டை முகப்பில் மதத்தைக் குறிப்பிட வேண்டும் என்று அந்த ஆண்டுதான் விதி மாறியிருந்தது. மற்றவர்களின் அட்டை முகப்பில் மதம் இருக்காது. அந்தச் சொல்லை நீக்கச் சொன்னதும், "ஷரியா நீதிமன்றத்திலிருந்து ஆணை வாங்கி வாருங்கள்" என்றது இலாகா. உயர் நீதிமன்றத்தில் 2001இல் தோற்றார், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2005இல் தோற்றார், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் 2007 மே 30 அன்று 2க்கு 1 என்ற கணக்கில் தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பு, இலாகா அப்படிக் கேட்டது நியாயமே என்றது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: மதத்தை விடுவதே குற்றம் என்று சில மாநிலச் சட்டங்கள் சொல்லும்போது, அந்த மாநிலத்து ஷரியா நீதிமன்றத்துக்குப் போய் "நான் விட்டுவிட்டேன்" என்று மனுப் போடுவது, தன்மீதே குற்றம் சாட்டிக்கொள்வதற்குச் சமம்.

அட்டையில் ஒரு சொல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். திருமணம்தான் முதல் அடி. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது; அது முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. பதிவேட்டில் முஸ்லிம் என்று இருப்பவர் ஒரு கிறிஸ்தவரைப் பதிவுத் திருமணம் செய்ய முடியாது; எதிர்த் தரப்பு மதம் மாறி, இஸ்லாமிய முறையில்தான் மணக்க முடியும். அடுத்து பிள்ளைகளின் மதம், வாரிசுரிமை, இறந்தபின் எங்கே அடக்கம் என்று எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வரும்.

வெளியேறுவதற்குச் சட்டத்திலேயே வழி எழுதி வைத்திருக்கும் மாநிலம் நெகிரி செம்பிலான் ஒன்றுதான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119ஆவது பிரிவு. நடைமுறை இப்படி: ஷரியா உயர் நீதிமன்றத்தில் காரணங்களைச் சொல்லி சத்தியப் பிரமாணத்தோடு மனுச் செய்ய வேண்டும். நீதிபதி முதலில் மனந்திரும்பச் சொல்வார். மறுத்தால் 90 நாள் தள்ளிவைத்து ஆலோசனை வகுப்புகளுக்கு அனுப்புவார். 90 நாள் முடிந்தும் மறுத்தால், இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று நீதிபதி கருதினால் ஓராண்டு வரை மறுபடி தள்ளிவைக்கலாம். அதற்குப் பிறகும் உறுதியாக நின்றால் இனி முஸ்லிம் இல்லை என்று அறிவிக்கலாம். "அறிவிக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். அறிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைத்தான் நாட்டிலேயே மிதமான வழி என்கிறார்கள். மலாக்காவில் ஆறு மாதம் வரையிலும், சபாவில் மூன்று ஆண்டு வரையிலும் மறுவாழ்வு மையத்தில் அடைத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. 2007இல் மலாக்காவிலிருந்து, பதிவேட்டில் முஸ்லிமாக இருந்தாலும் இந்துவாக வளர்ந்த ஒரு பெண் சிலாங்கூரின் உலு யாமில் உள்ள மையத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் வைக்கப்பட்டார்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு பிரிவுக்கோடு உண்டு. "நான் இஸ்லாத்தை விட்டுவிட்டேன்" என்பது ஒரு வழக்கு. "நான் ஒருநாளும் முஸ்லிமாக இருந்ததே இல்லை, பதிவேடுதான் தவறு" என்பது முற்றிலும் வேறு வழக்கு. முதலாவது ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டாவதை உயர் நீதிமன்றம் கேட்கலாம். 2021 பிப்ரவரி 5 அன்று ரொஸ்லிசா இப்ராஹிம் வழக்கில், தலைமை நீதிபதி தெங்கு மைமூன் தலைமையில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டார்கள். அவருடைய தாய் பௌத்தர், பெற்றோருக்குத் திருமணம் ஆகவில்லை. ஆகவே அவர் பிறப்பிலிருந்தே முஸ்லிம் இல்லை என்று அறிவித்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இது மிகப் பெரிய தீர்ப்பு. பதிவேட்டுப் பிழையால் மாட்டிக்கொண்டவர்களுக்கு முதன்முறையாக உறுதியான வாசல் திறந்தது. ஆனால் மனுவை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வழக்கறிஞர் கவனக்குறைவாக "மதத்தைத் துறந்தார்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு வழக்கை ஷரியாவுக்குத் தள்ளப் பார்க்கும்.

இந்த இரண்டு வகை வழக்குக்கும் நடுவில் நிற்பவர்கள் சரவாக்கில் நிறைய. சிறு வயதில் பெற்றோரோடு மதம் மாற்றப்பட்டு, வளர்ந்து கிறிஸ்தவர்களாக வாழ்பவர்கள். ரூனி ரெபிட் என்ற பிடாயு இளைஞர் எட்டு வயதில் இஸ்லாத்துக்கு மாற்றப்பட்டவர், 1999இல் ஞானஸ்நானம் பெற்றவர். 2016 மார்ச்சில் கூச்சிங் உயர் நீதிமன்றம், வயதுவந்த பிறகு அவர் தாமாக இஸ்லாத்தை ஏற்றதே இல்லை, மதத்தைத் தேர்வது அவருடைய அரசமைப்பு உரிமை என்று சொல்லிப் பதிவை மாற்ற ஆணையிட்டது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2018 பிப்ரவரி 27 அன்று வேறு நான்கு பேரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், சரவாக்கிலும் மதத்தை விடும் விஷயம் ஷரியா நீதிமன்றத்துக்கே உரியது என்று முடித்துவிட்டது. சரவாக் மாநிலச் சட்டத்தில் அந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படாதபோதும் அப்படித் தீர்ப்பு வந்தது.

பதிவேட்டுப் பிழை எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சபா, சரவாக் பூர்வகுடிகளில் கிறிஸ்தவர்களாகவே இருப்பவர்களும் பெயரில் "பின்", "பிந்தி" வைத்துக்கொள்வது வழக்கம். "மகன்", "மகள்" என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் முஸ்லிம் என்று தட்டிவிடுகிறார். பன்னிரண்டு வயதில் மைகார்டு எனும் அடையாள அட்டையை முதன்முதலாக எடுக்கும்போதோ, தொலைந்த அட்டையை மாற்றும்போதோ இது நடக்கிறது. பிழை இலாகாவுடையது, திருத்தும் பாரம் மட்டும் அந்தக் குடும்பத்தின் தலையில். திருத்தப் போனால் ஷரியா நீதிமன்றத்தின் கடிதம் கேட்கிறார்கள். உள்கிராமத்திலிருந்து படகேறி, பேருந்தேறி நகரத்துக்கு வரும் ஒரு விவசாயிக்கு இது என்ன தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். தான் ஒருநாளும் சேராத மதத்திலிருந்து விடுதலை கேட்டு அவர் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். இதைவிட அநியாயம் இந்தப் பட்டியலில் வேறில்லை என்பது என் எண்ணம். இத்தனைக்கும் ஒரு நிர்வாகச் சுற்றறிக்கையால் சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

குழந்தைகள் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. அதற்குக் காரணம் ஈப்போவைச் சேர்ந்த தமிழ்த் தாய் இந்திரா காந்தி. 2009இல் அவருடைய கணவர் இஸ்லாத்துக்கு மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அரசமைப்பின் 12(4) விதி, 18 வயதுக்குட்பட்டவரின் மதத்தை "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" தீர்மானிப்பார் என்கிறது. ஒருவர் போதுமா, இருவரும் வேண்டுமா? 2007இல் சுபாஷினி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒருவர் போதும் என்ற பக்கம் சாய்ந்தது. 2018 ஜனவரி 29 அன்று இந்திரா காந்தி வழக்கில் நீதிபதி ஜைனுன் அலி எழுதிய தீர்ப்பு இருவரின் சம்மதமும் வேண்டும் என்று மாற்றியது. பிள்ளைகளின் மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. அரசமைப்பின் அடிப்படைக் கேள்விகளை உயர் நீதிமன்றங்களிடமிருந்து பறிக்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. 121(1ஏ)வின் பிடியைத் தளர்த்தியது அதுதான். தீர்ப்பு கிடைத்தும் அந்தக் கடைசிக் குழந்தை தாயின் கைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகும் சில மாநிலச் சட்டங்களில் "தாய் அல்லது தந்தை" என்ற வாசகம் இருந்தது. பெர்லிஸில் 2020இல் லோ சியூ ஹோங் என்பவரின் மூன்று பிள்ளைகளை முன்னாள் கணவர் தன்னிச்சையாக மாற்றினார். 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு மே மாதம் பெர்லிஸ் தரப்பின் மேல்முறையீட்டு அனுமதி மனுவைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2017இல் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தச் சிக்கலைச் சட்டத்திலேயே தீர்க்கும் பிரிவு ஒன்று வரைவில் இருந்தது. கடைசி நேரத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மற்றபடி அந்தத் திருத்தம் பயனுள்ளது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின், மதம் மாறியவரும் மாறாதவரும் இருவருமே சிவில் நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்கலாம்.

இனி மலாய் வேதாகமம். மலாய் மொழியில் ஆராதிக்கும் சபா, சரவாக் கிறிஸ்தவர்கள் கடவுளைத் தலைமுறை தலைமுறையாக "அல்லாஹ்" என்றே அழைத்து வருகிறார்கள். 1986 டிசம்பரில் உள்துறை அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, கிறிஸ்தவ வெளியீடுகளில் அல்லாஹ், காபா, பைத்துல்லாஹ், சொலாத் ஆகிய நான்கு சொற்களையும் தடை செய்தது. தமிழ் வேதாகமத்தில் தேவன், கர்த்தர் என்றே இருப்பதால் தீபகற்பத்துத் தமிழ்ச் சபைகளை இது தொடவே இல்லை. அதனால் பலர் இதை நீண்டகாலம் வேறு யாருடையதோ வழக்கு என்றே பார்த்தார்கள். அது தவறான பார்வை. கத்தோலிக்க வார இதழான ஹெரல்ட், ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வருவது. வழக்கு அந்த இதழின் மலாய்ப் பகுதியைப் பற்றியது. 2009 டிசம்பர் 31 அன்று உயர் நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எட்டு நாள் கழித்து, 2010 ஜனவரி 8 அன்று, கோலாலம்பூர் தேசா மெலாவாத்தியில் மெட்ரோ டேபர்நேக்கிள் தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள். தொடர்ந்து வேறு தேவாலயங்களும் தாக்கப்பட்டன. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டியது. 2014 ஜூன் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்று மேல்முறையீட்டுக்கே அனுமதி மறுத்தது.

இதற்கிடையே துறைமுகங்களில் நடந்தது இன்னொரு கதை. இந்தோனேசியாவிலிருந்து வந்த மலாய் வேதாகமங்கள், கிள்ளான் துறைமுகத்தில் 5,100 பிரதிகளும் கூச்சிங்கில் 30,000 பிரதிகளும், முடக்கப்பட்டன. 2011 மார்ச்சில் கிள்ளானில் இருந்ததை விடுவிக்க முன்வந்தபோது, அதிகாரிகள் ஒவ்வொரு பிரதியிலும் "இது கிறிஸ்தவர்களின் பயன்பாட்டுக்கு மட்டும், உள்துறை அமைச்சரின் உத்தரவுப்படி" என்று முத்திரை குத்தி வரிசை எண்ணும் போட்டிருந்தார்கள். வேதத்தின் மேல் அரசு முத்திரையா என்று சபைகள் கொதித்தன. அதன் விளைவுதான் 2011 ஏப்ரல் 2ஆம் தேதி அமைச்சரவை அறிவித்த பத்து அம்சத் தீர்வு. எல்லா மொழிகளிலும் வேதாகமத்தை இறக்குமதி செய்யலாம், உள்நாட்டிலும் அச்சிடலாம். சபா, சரவாக்கில் எந்த முத்திரையும் வேண்டாம். தீபகற்பத்தில் விற்கும் மலாய்ப் பிரதிகளின் அட்டையில் சிலுவைச் சின்னமும் "கிறிஸ்தவ வெளியீடு" என்ற சொற்களும் இருக்க வேண்டும். வேலைக்காகச் சிலாங்கூருக்கோ ஜொகூருக்கோ வந்த சரவாக் பையன் ஊரில் வைத்திருந்த அதே புத்தகத்தை இங்கே வேறு நிபந்தனையோடு வைத்திருக்க வேண்டும் என்றுதான் ஆனது.

மேலும், அமைச்சரவை முடிவு மாநிலச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. இதைத்தான் 2014 ஜனவரி 2 அன்று சிலாங்கூர் இஸ்லாமிய சமய இலாகா காட்டியது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய வேதாகமச் சங்க அலுவலகத்துக்குள் புகுந்து, மலாய், ஈபான் மொழிகளில் இருந்த 321 வேதாகமங்களை எடுத்துச்சென்றார்கள். பயன்படுத்திய சட்டம் 1988ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலச் சட்டம். அதன் 9ஆவது பிரிவு, முஸ்லிம் அல்லாதவர்கள் தங்கள் மதம் சார்ந்து பயன்படுத்தக் கூடாத 25 சொற்களைப் பட்டியலிடுகிறது. அல்லாஹ், நபி, ரசூல், ஈமான் எல்லாம் அதில் உண்டு. சுவிசேஷத்தைக் குறிக்கும் "இஞ்சீல்" என்ற சொல்லும் உண்டு. வழக்குத் தொடர ஆதாரமில்லை என்று அரசு தலைமை வழக்கறிஞர் அலுவலகம் கைவிட்டபின், அந்த ஆண்டு நவம்பரில் பிரதிகள் சரவாக் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டன; சிலாங்கூரில் திரும்பப் புழங்க விடவில்லை.

ஜில் அயர்லாந்து என்ற மெலனாவ் இனப் பெண்ணின் வழக்கு இன்னும் நீளமானது. 2008 மே 11 அன்று ஜகார்த்தாவிலிருந்து வந்து இறங்கியபோது, சிப்பாங்கில் உள்ள மலிவுக் கட்டண விமான முனையத்தில் அவருடைய எட்டு குறுந்தட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். தலைப்புகளில் "அல்லாஹ்" இருந்தது. தட்டுகள் திரும்பி வர ஏழு ஆண்டு. முக்கியக் கேள்விக்கு விடை வர மேலும் ஐந்தரை ஆண்டு. 2021 மார்ச் 10 அன்று நீதிபதி நோர் பீ அரிஃபின், 1986 சுற்றறிக்கை சட்டவிரோதம், அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீடு செய்து, 2023இல் அதைத் திரும்பப் பெற்றது. இன்று மத்திய அரசின் தடை செத்துவிட்டது; சிலாங்கூரின் 9ஆவது பிரிவு உயிரோடு இருக்கிறது. தேசிய அளவில் வென்ற வழக்கு மாநில எல்லையைத் தாண்டாமல் நிற்பது இப்படித்தான்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சிறுபான்மையினருக்கு வாசல் திறந்த தீர்ப்புகளை எழுதிய தெங்கு மைமூன், ஜைனுன் அலி, நோர் பீ அரிஃபின் மூவரும் முஸ்லிம் பெண் நீதிபதிகள். லீனா ஜாய் வழக்கில் பங்கெடுத்த வழக்கறிஞர் மாலிக் இம்தியாஸ் சர்வாரும் முஸ்லிம்தான். இதை மதங்களுக்கிடையிலான போராகப் பார்ப்பவர்கள் இந்த நாட்டைப் புரிந்துகொள்ளவில்லை.

மதம் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் தீபகற்பத்தின் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கின்றன. திரங்கானுவில் 1980இல் தொடங்கியது. கோலாலம்பூர், பினாங்கு, சபா, சரவாக்கில் கிடையாது. இந்தச் சட்டங்களில் தண்டனை பெற்றவர்கள் அரிது. ஆனால் சபைகளின் அன்றாட நடத்தையை மாற்ற அந்தப் பயமே போதும். நிகழ்ச்சிச் சுவரொட்டியின் அடியில் "முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்" என்று அச்சிடுகிறார்கள். ஏழைகளுக்கு உணவு தரும் குழுக்கள் வரிசையில் நிற்பவரின் பெயரைப் பார்த்துத் தயங்குகின்றன. 2011 ஆகஸ்டில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் நடந்த நன்றி விருந்தில் முஸ்லிம்கள் சிலர் கலந்துகொண்டதற்காகச் சமய இலாகா உள்ளே புகுந்தது. அந்த விருந்தை நடத்திய சமூக அமைப்பின் பின்னால் இருந்தவர் பாதிரியார் ரேமண்ட் கோ.

அதே ரேமண்ட் கோ, 2017 பிப்ரவரி 13 அன்று காலை, பெட்டாலிங் ஜெயாவில் நடுச்சாலையில் கறுப்பு நிற வாகனங்கள் சூழ்ந்துகொள்ள, காரோடு கடத்தப்பட்டார். வீட்டுக் கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவானது. 2019 ஏப்ரல் 3 அன்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம், இதைச் செய்தது காவல்துறையின் சிறப்புப் பிரிவு என்று முடிவு கூறியது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் காவல்துறையையும் அரசையும் பொறுப்பாளிகள் என்றது. அவர் எங்கே என்று குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. 2016 நவம்பரில் காணாமல் போன, இஸ்லாத்திலிருந்து வந்த பாதிரியார் ஜோசுவா ஹில்மியும் அவர் மனைவி ரூத்தும் அப்படித்தான். நீதிமன்றங்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, தீர்ப்பு வந்தும் விடை கிடைக்காத இந்த இடத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் பொய்யாகிவிடும்.

கட்டடம் பற்றிச் சுருக்கமாக. நிலம் மாநிலத்தின் கையில். ஷா ஆலமில் கத்தோலிக்கர்கள் ஒரு தேவாலயம் கட்டி முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2005இல் திறந்தது தொழிற்பேட்டைப் பகுதியில். அதனால்தான் சிறிய சபைகள் கடைவீட்டு மாடிகளிலும் தொழிற்சாலைக் கூடங்களிலும் கூடுகின்றன. அதில் உள்ள பலவீனம், கட்டடத்தின் பதிவு வணிகப் பயன்பாட்டுக்கு என்பது. புகார் வந்தால் நகராண்மைக் கழகம் அதைத்தான் முதலில் கேட்கும். 2015 ஏப்ரலில் தாமான் மேடானில் ஏறக்குறைய ஐம்பது பேர் கூடிக் கூச்சலிட்டதும், கடைவீட்டுச் சபை ஒன்று முகப்பிலிருந்த சிலுவையை அன்றே இறக்கிவிட்டது.

கேள்வி கேட்டவர் மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவராகவோ அங்கே உறவினர் உள்ளவராகவோ இருந்தால், செய்ய வேண்டியவை இவை. பிள்ளைக்கு மைகார்டு எடுத்ததும் முகப்பைவிட்டு நகருமுன் அட்டையைப் படியுங்கள். பிழை இருந்தால் அன்றே எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்ற முத்திரையோடு நகல் வாங்குங்கள். வருடங்கள் போகப் போக, "நீங்களே ஏற்றுக்கொண்டுதானே இருந்தீர்கள்" என்ற வாதம் வலுக்கும். ஞானஸ்நானச் சான்று, பெற்றோரின் திருமணப் பதிவு, பிறப்புச் சான்று, சபை உறுப்பினர் பதிவு ஆகியவற்றின் உறுதிப்படுத்திய நகல்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். "ஒருநாளும் முஸ்லிம் இல்லை" என்ற வழக்குக்கு இவைதான் உயிர். துணைவர் மதம் மாறிவிட்டார் என்று தெரிந்தால் குடும்பப் பேச்சுவார்த்தையில் வாரங்களைக் கழிக்காதீர்கள். உடனே சிவில் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலப் பராமரிப்பு ஆணையும், பிள்ளைகளின் மதத்தை மாற்றத் தடையாணையும் கேளுங்கள். ஷரியா நீதிமன்றம் முந்திக்கொண்டு பராமரிப்பு ஆணை தந்துவிட்டால், இரண்டு ஆணைகளுக்கு நடுவே போலீஸ் எதையும் நிறைவேற்றாமல் நிற்கும். இந்திரா காந்திக்கு நடந்தது அதுதான். மலாய் மொழிப் புத்தகங்களையோ பாடல் தட்டுகளையோ கொண்டுவந்தால் எந்த மாநிலத்துக்குப் போகின்றன என்பதை முதலில் பாருங்கள். சட்டம் ஆளைத் தொடர்வதில்லை, இருக்கும் இடத்தைத் தொடர்கிறது. உதவி தேவைப்பட்டால், புராட்டஸ்டன்ட், சுவிசேஷ, கத்தோலிக்க மூன்று பிரிவுகளையும் சேர்த்து 1985இல் உருவான மலேசியக் கிறிஸ்தவ சம்மேளனத்தை உங்கள் சபை வழியாக அணுகலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் பழகிய வழக்கறிஞர்களை அவர்கள் அறிவார்கள்.